நானே திறந்து வைத்த எதிர்க்கடை

காவலூர் வழி,
ஜவ்வாது மலை,
வட ஆற்காடு மாவட்டம்.
ஆவணி மாதம், 1983.

'வீட்டு விளக்கு' வார இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற தோட்டக்காரனும் தற்போது டீக்கடைக்காரனுமாகிய மு. கோபால்சாமி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவி சுந்தரம்மாளும், பெய்த மழைக்குச் சாமை முளைத்து நிற்பது போல ஏதோ நின்றுகொண்டிருக்கிறோம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், அச்சுக் கோக்கிற பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க எங்கள் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். சுகம் விசாரித்தாகிவிட்டது. இனி என் கஷ்டத்தைச் சொன்னால் தாங்கள் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

தங்கள் இதழில் 'வாரம் பத்துச் சொல்' என்று ஒரு ஆங்கிலப் பாடம் வருகிறது. இங்கே நட்சத்திரம் பார்க்கிற நிலையத்தில் ஜீப் ஓட்டும் தம்பி அருணகிரி, வாணியம்பாடிக்கு இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு இதழ் வாங்கி வருவான். நான் ஆலங்காயத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பிறகு அந்த நிலையத்திலேயே தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்தவர்கள் பகலில் என் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டு, எனக்கு அந்தப் பாஷை பாதி புரியும். என்னைக் கெடுத்தது மீதிப் பாதிதான். முதல் பதினேழு பாடங்களால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. காய்கறிப் பெயர் படித்தேன், உறவுமுறை படித்தேன், வியாதிப் பெயரெல்லாம் படித்தேன். காய்ச்சலுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரிந்துகொண்டதால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடவில்லை. ஆனால் பதினெட்டாம் பாடம் அப்படிப்பட்டதல்ல. அதன் தலைப்பு, 'போட்டிக்கு உரிய சொற்கள்'.

தங்களுக்கு நினைவிருக்கும். காம்படிஷன், காம்படிட்டர், ரைவல், அப்போனன்ட், சாலஞ்ச், காண்டெஸ்ட், விக்டரி, டிஃபீட், வாக்கோவர், ரன்னர்-அப் என்று வரிசையாகப் போட்டு, 'காம்படிட்டர் என்பவர் நாம் செய்யும் தொழிலையே செய்பவர். ரைவல் என்பவர் நமக்கு வேண்டியதே தமக்கும் வேண்டும் என்பவர். அப்போனன்ட் என்பவர் நம் எதிரில் நிற்பவர்' என்று விளக்கமும் கொடுத்திருந்தீர்கள். கடைசியில் கட்டம் கட்டி, 'காம்படிஷன் இஸ் தி மதர் ஆஃப் ப்ராக்ரஸ்; போட்டியே முன்னேற்றத்தின் தாய்' என்று ஒரு பொன்மொழி. அதை நான் சுந்தரம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "அம்மா யாருன்னு எழுதிட்டாங்க, செரி. அப்பன் யாருன்னு எழுதலையா?" என்று கேட்டாள். அப்போதே நான் பாடத்தை மூடி வைத்திருக்கலாம்.

நான் மூடவில்லை. முன்னேற வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பஸ் திரும்புகிற இடத்தில் என் கடை ஒன்றுதான் கடை. டீ குடிக்க வேண்டும் என்றால் என்னிடம் வர வேண்டும், இல்லாவிட்டால் ஆலங்காயத்துக்கு இறங்க வேண்டும். இது நாள் வரை அதை என் பாக்கியம் என்று நினைத்திருந்தேன். பாடம் படித்த பிறகுதான் அது என் குறை என்று தெரிந்தது. எனக்குக் காம்படிட்டர் இல்லை. சரி, ரைவலாவது உண்டா என்று யோசித்தேன். எனக்கு வேண்டியதே தனக்கும் வேண்டும் என்கிற ஜீவன் இந்த மலையில் குரங்கு ஒன்றுதான். நான் தொங்கவிடுகிற வாழைப்பழத்தின் மேல் அதற்கும் எனக்கும் ஒரே மாதிரி ஆசை. ஆனால் குரங்கைப் பார்த்துச் சாலஞ்ச் என்று சொன்னால் அது பல்லைக் காட்டிவிட்டுப் பழத்தோடு போய்விடுகிறது. அதனால் மனிதர்களிலேயே ஒரு ஆளைத் தேடினேன். தேடுவதற்கு நான் தூரம் போகவில்லை. என் கடை பெஞ்சிலேயே ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

அவன் பெயர் வேடியப்பன். என்னைவிட இளையவன். காலையில் மாடு கறந்துவிட்டு என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் வெயில் ஏறுகிற வரை எழுந்திருக்க மாட்டான். யார் வீட்டுப் பலா மரத்தில் கரடி ஏறியது, யார் பெண்ணைப் பார்க்க எந்த ஊரிலிருந்து ஆள் வந்தது என்று அவன் சொல்லித்தான் எனக்கு ஊரே தெரியும். சிநேகிதன் என்று நான் யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவன் ஒருவன்தான். அவனிடம் போய்க் கேட்டேன்.

"வேடியப்பா, நீ எனக்குக் காம்படிட்டரா இருக்கியா?"

"இருக்கறேண்ணா. இன்னா செய்யணும்?"

"எதிர்ல ஒரு டீக்கடை போடணும்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்டா."

"எனக்கு டீ போடவே தெரியாதேண்ணா."

"நான் கத்துத் தர்றேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அப்ப நான் இங்க வந்து ஒக்கார்றது?" என்று கேட்டான்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அந்த ஒரு கேள்விக்கு அன்றைக்கே நான் பதில் யோசித்திருந்தால் தங்களுக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. சுந்தரம்மாள் மட்டும் உள்ளேயிருந்து, "வேலில போற ஓணான எடுத்து மடில வுட்டுக்கினு, அப்பறம் குத்துது கொடையுதுன்னு எங்கிட்ட வரக் கூடாது, சொல்ட்டேன்" என்றாள். அவளுக்கு முன்னேற்றத்தில் அக்கறை கிடையாது.

எங்கள் மலையில் புது அடுப்புக்கு யாரும் தீக்குச்சி கிழிப்பதில்லை. பக்கத்து அடுப்புக்காரன் தன் கையால் தணல் கொண்டுவந்து போட்டு மூட்டிக் கொடுக்க வேண்டும். அதில் முதலில் கொதிப்பதையும் அவனேதான் குடிக்க வேண்டும். அதுதான் மரியாதை. வேடியப்பன் கடைக்குப் பக்கத்து அடுப்பு எது? என் அடுப்புதான். ஆகவே நான் புது வேட்டி கட்டிக்கொண்டு, என் அடுப்பிலிருந்த தணலையெல்லாம் சட்டியில் வாரிக்கொண்டு போய் என் காம்படிட்டரின் அடுப்பை மூட்டினேன். ஊர் முழுக்க நின்று பார்த்தது. முதல் டீயை நான் குடித்து, "நல்லா கீது" என்று சொன்னேன். அது நன்றாக இல்லை, ஆனாலும் அப்படிச் சொல்வதுதான் முறை. அது முடிந்து ஊரே அங்கே உட்கார்ந்து டீ குடித்தது. நானும் என் இரண்டு பெஞ்சில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அணைந்துபோன என் அடுப்பைத் திரும்ப மூட்ட விறகு தேடிப் போனேன்.

மறுநாள் விடிந்ததும் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, பால் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கடைக்குப் பால் ஊற்றுகிறவனே வேடியப்பன்தான். எங்கள் பக்கத்தில் கறவை மாடு வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். இந்த உலகத்தில் தன் பால்காரனையே எதிர்க்கடைக்காரன் ஆக்கிக்கொண்ட வியாபாரி என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் அவர் விலாசத்தை எழுதுங்கள், நான் போய்ப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறேன். அவனோ சிரித்த முகத்தோடு செம்பும் கையுமாக வந்தான். எனக்கு நல்ல கெட்டிப் பாலாக ஊற்றிவிட்டு, "மிச்சம் கீறது எனக்குப் போதுண்ணா. தண்ணி ஊத்திக்குவேன்" என்றான்.

"ஏன்டா அப்படி?"

"நீங்க மூத்தவருதானே. மொத பாலு எப்பவும் உங்களுக்குத்தானே?"

ஐயா, இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிக் காம்படிஷன் செய்வது? கெட்டிப் பால் என் கடையில், தண்ணிப் பால் அவன் கடையில். கூட்டம் மட்டும் அவன் கடையில். காரணம் அவன் பெண்டாட்டி பூங்கோதை. முருங்கைக்கீரை போட்டு அவள் தட்டுகிற கேழ்வரகு அடையின் வாசனை சாலையைத் தாண்டி என் கடைக்குள் வந்து என் மூக்கையே அந்தப் பக்கம் இழுத்தது.

இதற்கிடையில் அவன், "கடைக்கு நீங்களே ஒரு பேரு வையுங்கண்ணா" என்று கேட்டுவிட்டான். பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொன்னது போல எனக்குப் பெருமை. நிலையத்தில் செடிகளுக்குப் பெயர் எழுதி நட்ட வகையில் எனக்கு ஆங்கில எழுத்து அழகாக வரும். ஒரு தகரத்தை எடுத்துப் பெயின்ட் அடித்து, கொட்டை எழுத்தில் 'ரைவல் டீ ஸ்டால்' என்று ஆங்கிலத்தில் எழுதி நானே ஏணி வைத்து ஏறி மாட்டினேன். என் கடைக்குப் பலகையே கிடையாது. அந்த வாரம் பெங்களூரிலிருந்து நட்சத்திரம் பார்க்க வந்த நான்கைந்து பேர் பலகையைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வண்டியை நிறுத்தினார்கள். பலகைக்குக் கீழே வேடியப்பனை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். யாருடைய ரைவல் என்று கேட்டிருப்பார்கள் போல. அவன் மகிழ்ச்சியோடு என்னைக் காட்டினான். அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அன்று முதல் எங்கள் ஊர் ஜனங்கள் ரைவல் என்பது ஏதோ உயர்ந்த ரக டீத்தூள் என்று முடிவு செய்துவிட்டார்கள். "ரெண்டு ரைவலு போடு, ஒண்ணுல சக்கர கம்மி" என்று அவர்கள் கேட்பது என் காதில் விழும்.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் நான் உத்தியோகத்தில் இருந்தவன் அல்லவா, தங்கள் பாடத்தைப் பதவி உயர்வுப் பட்டியல் போலப் படித்துவிட்டேன். காம்படிட்டராக இருந்தவனை ரைவல் ஆக்கினேன். ரைவலை அப்போனன்ட் ஆக்கினேன். ஒரே மாதத்தில் இத்தனை உயர்வு என் சர்வீஸ் முழுவதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அப்போனன்ட் என்றால் எதிரில் நிற்பவர் என்று போட்டிருந்ததால், நானும் கடை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனை முறைத்தபடி நின்றேன். காலையெல்லாம் நின்றேன். கண் எரிந்து தண்ணீர் வந்தது. வேடியப்பன் பதறிக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடி வந்தான். கையில் நந்தியாவட்டைப் பூ. "கண்ணு நோவாண்ணா? படுங்க, இத்த வெச்சா குளிச்சியா இருக்கும்" என்று என்னைப் பெஞ்சில் படுக்க வைத்து, இரண்டு கண்ணிலும் பூவை வைத்துவிட்டு, கண் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். என் அப்போனன்டை அன்று முழுக்க என்னால் பார்க்கக்கூட முடியவில்லை.

அடுத்தது அருணகிரி சங்கதி. அவன் ஜீப்பை நிறுத்திவிட்டு வேடியப்பன் கடையில் கால் வைத்தான். வேடியப்பன், "அண்ணா கடைல குடி தம்பி, அவரு மூத்தவரு" என்று அனுப்பினான். எதிரி தள்ளிவிட்ட ஆளை வாங்கிக்கொண்டால் எனக்கு என்ன கௌரவம்? "அங்கதானே மொதல்ல போன? அங்கியே குடி" என்று நான் திருப்பி அனுப்பினேன். வேடியப்பன் திரும்ப அனுப்பினான். நானும் அனுப்பினேன். கடைசியில் அருணகிரி நடுச் சாலையில் நின்றுகொண்டு, "உங்க பேஜாரே எனக்கு வாணாம் நைனா, ரெண்டு பேருக்கும் ஒரு கும்புடு!" என்று சொல்லி, ஜீப்புக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான்.

ஊர் ஜனங்கள் அவனைவிடச் சாமர்த்தியசாலிகள். ஒரு கடையில் குடித்தால் இன்னொரு கடைக்காரன் முகம் வாடுமே என்று முதலில் இரண்டு கடையிலும் குடித்துப் பார்த்தார்கள். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு இரண்டு கடையும் கண்ணில் படாமல், பின்னால் நெல்லிமரத்துப் பக்கம் இறங்கி ஓடையைத் தாண்டிப் போகிற பாதையில் நடக்க ஆரம்பித்தார்கள். முள்ளும் கல்லுமான பாதை அது. எங்கள் இரண்டு பேர் மனசும் நோகக் கூடாது என்று பிள்ளைத்தாய்ச்சிகள்கூட அந்த வழியில் சுற்றிப் போனார்கள். பஸ் வந்து திரும்பும், நாலு பேர் இறங்குவார்கள், இறங்கிய வேகத்தில் மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடுவார்கள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வேடியப்பன், நடுவில் வெறும் சாலை. முன்னேற்றத்தின் தாய் எங்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஒன்று சொல்கிறேன், தாங்கள் சிரிக்கக் கூடாது. டீ விற்காதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பெஞ்சு காலியாகக் கிடந்ததுதான் தாங்க முடியவில்லை. காலையில் பால் ஊற்றிவிட்டு வேடியப்பன் உடனே ஓடிவிடுவான். அவனும் கடை திறக்க வேண்டுமே. ஊரில் கரடி வந்ததா, கல்யாணம் நடந்ததா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் அவன் உட்கார்ந்திருந்தான். ஆனால் நான் எழுந்து போனால் தோற்றதாக ஆகிவிடும் என்று தங்கள் பாடம் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. ஒரு நாள் நான் போட்ட டீயை நானே குடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சுந்தரம்மாளிடம் சொன்னேன். அடுப்பு எரியவே இல்லை என்று அவள் சொன்னாள்.

அவளும் பூங்கோதையும் சேர்ந்து போய் ஊர்ப் பெரியதனக்காரர் சடையனிடம் சொல்லிவிட்டார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. சடையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இன்னாப்பா தகராறு?" என்று கேட்டார்.

"தகராறு இல்லீங்க, காம்படிஷன்" என்றேன். அது என்ன என்று கேட்டார். வாய்ப்பு கிடைத்ததே என்று நான் எழுந்து நின்று பதினெட்டாம் பாடத்தை முழுக்க ஒப்பித்தேன். அருள்வாக்கு கேட்பது போல எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். வாக்கோவர் என்கிற இடத்துக்கு வந்தபோது வேடியப்பன் கை தூக்கினான்.

"அது இன்னாண்ணா?"

"இப்ப நான் காய்ச்சல்ல படுத்துட்டேன்னு வெச்சிக்கோ. கடை தொறக்கல. அப்ப நீ ஆடாமலே ஜெயிச்ச மாதிரி. அதான் வாக்கோவர்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நல்லா கீதா இது? நீங்க படுத்துட்டா நான் எதுக்கு கடை தொறக்கறேன்? மூடிட்டு உங்க வூட்டுக்கு வர மாட்டேனா?"

கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோயில் மணியைப் பார்த்தேன். ரன்னர்-அப் மட்டும் பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.

சடையன் பேசினார். "ரெண்டு பேருக்கும் ஒண்ணே வேணும், அதானே உன் இங்கிலீசு? ஓடைத் தண்ணிக்கு முறை வெச்சிக்கினு கீறோம், பன்னி வெரட்ட காவலுக்கு முறை வெச்சிக்கினு கீறோம். டீத்தண்ணிக்கு மட்டும் இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு? திங்க, புதன், வெள்ளி கோபால்சாமி அடுப்பு எரியட்டும். செவ்வா, வியாழன், சனி வேடியப்பன் அடுப்பு. ஞாயித்துக்கெழமைய நீங்களே பேசிக்கோங்க. எழுந்து போங்க, மாடு கத்துது."

ஐயா, அன்றிலிருந்து எங்கள் சாலையில் மனித நடமாட்டம் திரும்பிவிட்டது. என் நாளில் வேடியப்பன் பால் ஊற்றிவிட்டு என் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறான். அவன் நாளில் நான் போய் நான் கொடுத்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, "தூள் அதிகமா போயிட்டுது" என்று குறை சொல்லிக்கொண்டு பூங்கோதையின் அடையைத் தின்கிறேன். கரடி மறுபடியும் பலா மரத்தில் ஏறிய செய்தியும் தெரிந்தது. நானும் அவனும் இப்போது ஒருவருக்கொருவர் காம்படிட்டரா, ரைவலா, அப்போனன்டா என்று தங்கள் பாடத்தில் தேடிப் பார்த்தேன். மூன்றும் இல்லை. எங்களுக்குச் சொல் இல்லாத ஒரு பாடத்தை எங்களுக்கு அனுப்பியது நியாயமா? ஆகவே தயவுசெய்து பதினெட்டாம் பாடத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், 'ஓய்வுபெற்றவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்' என்று ஒரு வரியாவது போடுங்கள். என்னைப் பொறுத்தவரை போட்டி என்கிற எண்ணமே எனக்கு அடியோடு போய்விட்டது. இந்த ஜன்மத்துக்கு இனி யாரையும் ஜெயிக்கிற ஆசை இல்லை.

தங்கள் இதழ் ஊர் ஊராகப் பரவட்டும். தங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஆங்கிலத்தைக் கொஞ்சம் அளவாகவே கற்றுக்கொள்ளட்டும். அந்தப் பாடம் எழுதுகிற பேராசிரியருக்கு என் மேல் வருத்தம் வேண்டாம் என்று சொல்லவும். சுந்தரம்மாளும் தங்களுக்குக் கும்பிடு சொல்லச் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
மு. கோபால்சாமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு விபரீதம் நடந்துவிட்டதால் பிரித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பற்றிப் பேச உட்கார்ந்தோம். கீழேயிருந்து ஜனங்கள் டெலஸ்கோப் பார்க்க வருகிற நாள் அதுதான். வாரத்திலேயே நல்ல நாள். பெரிய மனசோடு, "நீயே வெச்சிக்கோடா" என்றேன். அவன், "இல்லண்ணா, நெருப்பு குடுத்தவருக்குத்தான் அது" என்றான். பால் கொடுக்கிறவன் நீ என்றேன். மூத்தவர் நீங்கள் என்றான். மூத்தவன்தான்டா விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கத்தினேன். அதெப்படி, சின்னவன்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவனும் கத்தினான். நேற்று ஞாயிறு. இரண்டு கடையும் பூட்டு. அவரவர் கடை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்த ஜனங்கள் தொண்டை வறண்டு இறங்கிப் போனார்கள். மேலே நான் எழுதியதையெல்லாம் தாங்கள் மறந்துவிட வேண்டும். விட்டுக்கொடுப்பதில் மட்டும் அவனிடம் நான் தோற்பதாக இல்லை. இதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையும் அடுத்த ஞாயிறுக்குள் எனக்கு வந்து சேர வேண்டும். இதழில் போட வேண்டாம்; அருணகிரி இப்போதெல்லாம் வேடியப்பனுக்கும் ஒன்று வாங்கி வருகிறான். என் பெயருக்குத் தனித் தபாலில் அனுப்பவும்.